லெந்துச் சீட்டில் வந்த பெயர்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். யார் கைக்கு எந்தப் பெயர் வருகிறதோ, ஈஸ்டர் வரை ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய், ஜெபித்துவிட்டு வரவேண்டும். எனக்கு எட்டு வயதானபோது அம்மாவுக்கு வந்த சீட்டில் ஒரு வேன் டிரைவரின் பெயர் இருந்தது. முந்தைய வருடம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன என் அண்ணனை மோதிக் கொன்றது அவர் ஓட்டிய வேன்தான்.

பாஸ்டரம்மா பதறிப்போய், கவனிக்காமல் எழுதிவிட்டதாகச் சொல்லி வேறு சீட்டு எடுக்கச் சொன்னார். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். நானும் கோபித்துக்கொண்டுதான் இருந்தேன். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா தூக்குவாளியை என் கையில் கொடுத்து வில்லாபுரத்துக்குக் கூட்டிப்போனாள்.

உச்சி வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. தகரக் கூரை வீட்டுக்குள் டிரைவர் கட்டிலோடு கிடந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. அவர் மனைவிக்கு எங்களைத் தெரிந்திருந்தது. "மூணு நாளா பச்சத்தண்ணிகூட எறங்கலக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்றாள்.

அம்மா ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டப் போனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. என் தலைக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன உள்ள கூப்புடு தங்கச்சி" என்றார் குழறலாக. "வெயில்ல நிக்குது. ஒத்தக் கால்ல செருப்பு வேற இல்ல. அது நிக்கையில நான் எப்புடித் திங்க?"

அண்ணனுடைய ஒரு செருப்பு கடைசிவரை கிடைக்கவே இல்லை. வாசல் எனக்குப் பின்னால்தான் இருந்தது. வெளியே ஒரு நாய் விடாமல் குரைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது, உருட்டிய சோறு கையிலிருக்க அம்மா வாசல் பக்கம் திரும்பியிருந்தாள். வெகுநேரம் அப்படியே பார்த்தாள்.

"வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேண்ணே" என்றாள் பிறகு. "உங்க மேல கோவம் இல்லன்னுட்டான். வாயத் தொறங்க."

"போயிருச்சா?"

"போயிட்டான்."

நாய் அதற்குள் ஓய்ந்திருந்தது. அவர் சாப்பிட்டார். கொண்டுபோன சோறு முழுவதையும் சாப்பிட்டார்.

அனுப்பியதுதான் அனுப்பினாள், போயும் போயும் எங்கள் வீட்டுக்கா அனுப்புவாள்! பசுமலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளை ஒட்டி உட்கார்ந்து கேட்டேன்.

"அண்ணன் நம்ம வீட்டு வாசல்ல நிப்பானாம்மா?"

"அங்க நின்னுருந்தா, அவன விட்டுட்டு வெறுங்கையோட வந்திருப்பேனாடி?"

அப்பாடா என்றிருந்தது. பேய் இல்லை, அம்மா சொன்னது பொய்தான். படுக்கும்முன் அந்தப் பொய்யை மன்னிக்கும்படி அவளுக்காக ஆண்டவரிடம் மன்றாடவும் செய்தேன். நான் பார்க்கப் பயந்த வாசலில் அவன் நிற்க மாட்டானா என்றுதான் அவள் திரும்பினாள் என்பதும், அங்கே யாருமில்லை என்று கண்ட பிறகுதான் அந்த மனிதருக்கு ஊட்டினாள் என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை.