மூன்று முறை மூட்டிய மாக்கல் அடுப்பு

என்சியோ குவோஸ்மனென் முப்பத்தொரு வருஷம் யோயென்சூ நகரத்து வெப்ப நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே வால்வைத் திருகினால் போதும், குழாய் வழியே வெந்நீர் ஓடி ஆயிரக்கணக்கான வீடுகள் கதகதப்பாகிவிடும். அதனால் சூட்டைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்திருந்தார். இப்போது அதைப் பற்றிக் கேட்டால், "அப்போ வாய் மட்டும்தான் வேலை செஞ்சுச்சு, மூளை லீவுல இருந்துச்சு" என்பார்.

ஓய்வு பெற்றதும் ஏரிக்கரையில் ஒரு பழைய மரவீட்டை வாங்கினார். நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு மாக்கல்லால் கட்டிய கணப்பு அடுப்பு. மனைவி ஐரிக்கு மூட்டுவலி, குளிர் ஆகாது. நகரத்து வாடகை வீட்டை ஜனவரி முடியும்வரை விடக் கூடாது, இது சரிப்படாவிட்டால் தான் அங்கேயே போய்விடுவதாக அவள் சொல்லியிருந்தாள். என்சியோ பெரிய மனுஷத்தனமாக ஒப்புக்கொண்டார். உள்ளுக்குள் பயம்தான். அவள் இல்லாத வீட்டில் தனக்குக் காப்பிகூட இறங்காது என்பது அவருக்குத் தெரியும்.

விறகு கொண்டுவந்து போடும் பக்கத்து வீட்டு ஹில்க்கா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தாள். தினமும் ஒரு முறை மூட்டு, கடுங்குளிர் என்றால் சாயங்காலம் இன்னொரு முறை, அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். கல் வாங்கின சூட்டை அரை நாள் கழித்துத்தான் கொடுக்கும். பதிலுக்கு என்சியோ ஒரு காகிதத்தில் படம் போட்டு, வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று அவளுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அவள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி மூன்றாம் வாரம் ஐரி இரண்டு நாளுக்குத் தங்கை வீட்டுக்குப் போனாள். வியாழக்கிழமை நாலு மணி பஸ்ஸில் வருவதாகவும், வந்ததும் முடிவைச் சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த இரண்டு நாளும் நம்மாள் உறைந்த ஏரியில் துளை போட்டு மீனுக்குக் காத்திருந்தார். கிடைத்தது விரல் நீளத்தில் மூன்று. கணப்பை மறந்தே போனார்.

வியாழன் காலை வெளியே மைனஸ் இருபத்தொன்பது, வீட்டுக்குள் பதினொன்று. ஏழு மணிக்கு அலறியடித்துக்கொண்டு பிர்ச் விறகை அடுக்கி மூட்டினார். எட்டரைக்குக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. முப்பத்தொரு வருஷம் வால்வு திருகிய கை சும்மா இருக்குமா? இன்னொரு கூடை விறகு. பத்து மணிக்கு லேசான வெதுவெதுப்பு. இவள் வருவதற்குள் இது எங்கே சூடாவது என்று மூன்றாவது கூடையையும் கொட்டினார்.

மதியம் வீடு இதமாக இருந்தது. தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு தூக்கம் போட்டார். வியர்த்து ஊற்றி எழுந்தபோது மணி மூன்றரை. மேஜையில் வெண்ணெய் எண்ணெயாகியிருந்தது. மெழுகுவர்த்தி இடுப்பொடிந்து நின்றது. கல்லில் கை வைக்க முடியவில்லை. நெருப்போ எப்போதோ அணைந்து சாம்பலாகிவிட்டது. கல்சட்டியை இறக்கி வைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்குமே, அந்தக் கதைதான். அடைக்க ஒரு வால்வு இல்லை. சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளாடையோடு எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார்.

தெருவில் பனிச்சறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஹில்க்கா நின்று பார்த்தாள்.

"என்ன என்சியோ, ஊருக்கே சூடு அனுப்பறியா? பழக்கதோஷமா?"

அதற்குள் நாலு மணி பஸ் வந்து நின்றது. ஐரி உள்ளே வந்தாள், கோட்டைக் கழற்றினாள், கம்பளிச் சட்டையைக் கழற்றினாள், காலுறையையும் கழற்றினாள். ஜன்னலெல்லாம் திறந்திருந்தும், கணப்பை ஒட்டிய சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி இன்னும் முப்பத்திரண்டு காட்டியது. என்சியோ மீன்பிடித்தது உட்பட எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். தன்னைப்போல ஒரு மடையன் இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்றும், நகரத்து வீட்டுக்குத் தானே பெட்டி தூக்கி வருவதாகவும் சொன்னார்.

ஐரி கல்லுக்கு ஓரடி தள்ளி நாற்காலியைப் போட்டு, வலிக்கும் முழங்கால்களை நீட்டி உட்கார்ந்தாள்.

"குளிர் ஏறினா நீ நிலையத்துக்கு ஓடிடுவே. முப்பத்தொரு வருஷம் ராத்திரியெல்லாம் ஊருக்கே சூடு அனுப்பினே, நான் தனியாப் படுத்திருப்பேன். நான் வர்றேன்னு எனக்காக நீ பதறிப் பதறி மூட்டினது இதான் முதல் தடவை" என்றாள். "கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு, அவ்வளவுதான்."

பிறகு போனை எடுத்து, நகரத்து வீட்டைக் காலி செய்வதாக அந்த வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

என்சியோ முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐரி திரும்பிப் பார்த்தபோது, வியர்வை என்றார். அந்த வீட்டில் அன்று அதை யாராலும் மறுக்க முடியவில்லை.