ஜெயந்தி திக்கிய இடம்

மகள் ஏதோ வேலைத் தேர்வுக்கு கைபேசியில் ஆங்கிலச் சொற்களை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஸ்டான்ச்னா என்னம்மா?" என்றாள். "கடைசிவரைக்கும் கூட நிக்கிறவங்க" என்று டக்கென்று சொல்லிவிட்டேன். நானும் என் தோழி ஜெயந்தியும் சேர்ந்து படித்த சொல் அது.

டிகிரி முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்தோம். வேலை பார்த்த மில் மூடியபின் எங்கள் அப்பாக்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். தவளக்குப்பத்தில் பஸ் ஏறி டவுனுக்கு இங்கிலீஷ் வகுப்புக்குப் போவோம். டீசல் நாற்றமும் மல்லிப்பூ வாசனையுமாக இருக்கும் அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. அன்றைய சொல்லை யார் தலையிலாவது கட்ட வேண்டும். ஓயாமல் தொணதொணக்கும் கண்டக்டர் 'காருலஸ்'. வாயே திறக்காத டிரைவர் 'டாசிடர்ன்'. ஓடும் பஸ்ஸில் கூடையோடு தாவி ஏறும் மீன்காரம்மா 'இன்ட்ரெபிட்'. "நீ என்னாடி?" என்று கேட்டால், "நான் உனக்கு ஸ்டான்ச்" என்பாள் ஜெயந்தி. பீட்டர் விடுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு வேறு, சிரிக்காதீர்கள்.

ஒரு கம்பெனியில் குழு விவாதம் வைத்தார்கள். வட்டமாக எட்டுப் பேர். நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம்: ஒருத்தி திக்கினால் மற்றவள் எடுத்துக் கொடுத்து, பேச்சை அவளிடமே திருப்பிவிட வேண்டும். ஜெயந்தி துணிச்சலைப் பற்றி அழகாக ஆரம்பித்தாள். நடுவில் திக்கி என்னைப் பார்த்தாள். நான் எடுத்தேன், திருப்பித் தரவில்லை. பஸ்ஸில் அவள் ஒத்திகை பார்த்த வாக்கியங்களையே கடைசிவரை பேசி முடித்தேன். வேலை எனக்குக் கிடைத்தது.

"சூப்பரா பேசினடி" என்றாள் வெளியே வந்ததும். பிறகு நானாகத்தான் விலகினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இன்றும் ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது பேச்சை நடுவில் நிறுத்தினால், அந்தப் பார்வை எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

போன வருஷம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அக்காதான் இருந்தார். ஜெயந்தி காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். நான் உட்காரக்கூட இல்லை, அக்காவே சொன்னார்: "உன்னப் பத்திப் பேசிக்கினே இருப்பாம்மா. இன்டர்வியூல அவ திக்கிப் போனப்ப, நீதான் எடுத்துப் பேசி மானத்தக் காப்பாத்துனியாமே."

அப்படித்தான் நம்பினாளா, எனக்காக அப்படிச் சொல்லிவைத்தாளா? கேட்க அவள் இல்லை.

"ஆமாக்கா" என்றேன்.