பர்மனென்ட்

எங்கள் நெய்வேலியில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேருக்கு முன்னால் கேட்கிற கேள்வி, "பர்மனென்டா, கான்ட்ராக்டா?" டீக்கடையில் பார்த்த ஒரு பெரியவரிடமும் அதைத்தான் கேட்டுவைத்தேன். வெள்ளை வேட்டியும் அதற்குப் பொருந்தாத கேன்வாஸ் ஷூவுமாக நின்றார். கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மகனின் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தவர்.

"நல்ல கேள்வி!" என்று சத்தமாகக் கை தட்டினார். "காலேஜ்ல பர்மனென்ட்னுதான் நெனச்சிட்டிருந்தேன் சார். ரிட்டயர் ஆன அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அதுவும் கான்ட்ராக்ட்தான்!"

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியான என்னை அதுவரை ஒருவரும் சார் என்றதில்லை. அவரோ குப்பை வண்டிக்காரரையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர் இறந்த அன்று குவார்ட்டர்ஸ் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி பார்த்து எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த பழைய மாணவர்கள், தலை நரைத்தவர்கள்கூட, பாடைக்குத் தோள் கொடுக்க முட்டி மோதினார்கள். தூக்கியதும் ஒருவர் கை தட்டினார். வகுப்பில் நல்ல கேள்வி வந்தால் பேராசிரியர் தட்டுவாராம், அதே தட்டு. அடுத்த நொடி தெருவே தட்டியது. ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்திருந்த நாங்களும் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினோம்.

அந்த வழியாக சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று என்னிடம் கேட்டார்: "இவ்ளோ பேரு வந்துகினு இருக்காங்களே, செத்தவரு பர்மனென்ட் ஆளுங்களா?"

"ஆமா சார்," என்றேன். "இன்னியிலேர்ந்து பர்மனென்ட்."