மூன்று வட்டத் துளைகள்

"சார், பெட்டி எப்படிங்க திரும்பும்?"

1986இல் மண்டோர் அழகேசன் கேட்ட இந்தக் கேள்விக்கு, கட்டடக் கலைஞர் லோகேந்திரனால் அன்று உண்மையான பதிலைச் சொல்ல முடியவில்லை.

கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கிருந்த குடும்பங்களுக்காக நான்கு மாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. வரைபடம் லோகேந்திரனுடையது. மண்டோராக வேலையாட்களை மேய்த்த அழகேசனுக்கும் அங்கே நான்காம் மாடியில் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். இருவரும் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் நின்றிருந்தார்கள்.

"என்ன பெட்டி? அலமாரியோ? கழட்டிக்கொண்டு போகலாம்."

"அலமாரி இல்லீங்க சார்." அழகேசன் தலையைச் சொறிந்தார். "பெட்டிங்க."

இன்னும் பால் காய்ச்சாத வீட்டில் நின்றுகொண்டு சாவு என்ற சொல்லை எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. லோகேந்திரனுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் வரைபடத்தை மாற்ற வேண்டும். "அதெல்லாம் திரும்பும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

லோகேந்திரன் சுங்கைப் பட்டாணி ரயில் நிலையக் குமாஸ்தாவின் மகன். பத்தொன்பது வயதில் ஜெர்மனிக்குப் படிக்கப் போனவர், கெல்னர் என்ற கட்டடக் கலைஞரிடம் பல வருடம் வேலை பார்த்தார். போரில் குண்டு விழுந்து வீட்டை இழந்தவர் கெல்னர். இடிபாடுகளின் மேல் அகதிகளுக்கு வீடு கட்டிப் பெயர் வாங்கியவர். வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, அலங்காரமே கிடையாது. "நீ ஒரு சாண் இடத்தை வீணாக்கினால் எங்கோ ஒரு குடும்பம் பனியில் நிற்கும்" என்பார்.

லோகேந்திரன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஊர் திரும்பி இந்தக் குடியிருப்பை வரைந்தபோது படிக்கட்டைக் குறுக்கி மாடிக்கு ஒரு வீடு கூடுதலாகச் சேர்த்தார். படி திரும்பும் இடத்து வெளிச்சுவரில் வெளிச்சத்துக்காக மூன்று வட்டத் துளைகள் வைத்தார். பெரியது, நடுத்தரம், சிறியது. அதுதான் அவருடைய கையெழுத்து மாதிரி. எல்லாரும் பாராட்டினார்கள். வேறு ஊர்களிலும் அந்த வரைபடத்தை நகலெடுத்துக் கட்டினார்கள். எங்கெங்கே என்று அவர் விசாரிக்கவில்லை.

2024இல் அழகேசன் இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்து, எழுபத்தொன்பது வயது லோகேந்திரன் பாக்கார் ஆராங்கில் இருந்த தன் வீட்டிலிருந்து அந்தக் குடியிருப்புக்குக் கார் ஓட்டிப் போனார். கீழே கூடாரத்தில் பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது. மேலிருந்து நான்கு பேர் அழகேசனைப் போர்வையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். திருப்பத்தில் அவர் குதிகால் சுவரில் உரசியது.

"அப்பா கால புடிங்கடா! மெதுவாலா!" என்று மகன் வசந்தன் கத்தினான்.

"இந்தப் படிய வரைஞ்ச மடையன் எவன்டா?" என்றார் தூக்கி வந்தவர்களில் ஒருவர். "அவன மொதல்ல போர்வையில கட்டித் தூக்கணும்."

பக்கத்தில் இருந்தவர், "ஐயா யாரு, வாத்தியாரா?" என்று கேட்டதற்கு, லோகேந்திரன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

அந்தத் தலையாட்டல் அவரைச் சாப்பிட விடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய், அழகேசனின் மனைவி பிரேமாவதி முன்னால் நின்றார்.

"அம்மா, அந்த மடையன் நான்தான்."

"எந்த மடையன்? இங்க நெறைய பேரு இருக்காங்க."

"இந்தப் படியை வரைஞ்சவன். பெட்டி திரும்பாதெண்டு அப்பவே எனக்குத் தெரியும்."

பிரேமாவதி சொன்னார்: "இந்த பிளாட்டுல எந்தச் சாவு விழுந்தாலும் அவரு அளவு டேப்ப எடுத்துக்கிட்டு ஓடுவாரு சார். 'திரும்பும்னு சார் சொன்னாரு, நமக்குத்தான் தூக்கத் தெரியல'ன்னு எல்லார்கிட்டயும் சண்ட போடுவாரு. சாவுற வரைக்கும் உங்கள நம்புனாரு."

லோகேந்திரன் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப என்னா அங்கிள், அழுதுட்டுப் போயிருவீங்களா?" என்றான் வசந்தன்.

லோகேந்திரன் கொண்டு வந்திருந்த வரைபடத்தை விரித்தார்; வேறு ஊர்களிலும் இதே படிதான் என்பதையும் சொன்னார். துளைகள் உள்ள சுவர் பாரம் தாங்குகிற சுவர் அல்ல. ஒவ்வொரு திருப்பத்திலும் அதை வெட்டி இரும்புக் கதவு போட்டால், பெட்டியின் தலைப்பக்கம் ஒரு முழம் வெளியே நீண்டு திரும்பிவிடும். அனுமதி வாங்க ஏழு மாதம் நடந்தார். கதவுகள் பொருத்திய அன்று காலிப் பெட்டி ஒன்றை நான்கு பேர் கீழிருந்து மேலே தூக்கிப் பார்த்தார்கள். எங்கும் இடிக்கவில்லை.

"நல்லாத்தான் போவுது," என்றார் பிரேமாவதி. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." பிறகு லோகேந்திரனைப் பார்த்து, "மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன் சார். மத்த ஊருல இருக்கறவங்க என்னா செய்வாங்க?" என்று கேட்டார்.

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தன்தான் காரோட்டுகிறான். இருவரும் அந்த வரைபடத்தில் கட்டிய பழைய அடுக்குமாடிகளைத் தேடிப் போகிறார்கள். பண்டார் பாருவில் ஒன்று கிடைத்தது. மற்றவை எங்கே என்று தெரியவில்லை.

அடுக்குமாடியில் இருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். படி திரும்பும் இடத்துச் சுவரில் பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று வட்டத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போதே. சொல்லும்போது லோகேந்திரன் பெயரை விட்டுவிட வேண்டாம். அவரே கேட்டுக்கொண்டது அது.