எருக்குழியை விட்டு வந்தவர்

செடி விற்கும் பண்ணையில் எரு கலக்க அவரை மிஞ்ச ஆளில்லை. கூட வேலை செய்தவர்கள் அவரை ‘எரு’ என்றே கூப்பிட்டார்கள். செடிகளோடு நாள் முழுக்கப் பேசுவார். மனிதரைக் கண்டால் வாய்ப்பூட்டு.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் இளைய மகள் தோளில் தொற்றிக்கொள்வாள். இரண்டரை வயது வாலில்லாக் குரங்கு. அவளுக்குத்தான் அந்த வருடம் கட்டிமேல் கட்டி. கழுத்தில் ஆறினால் அக்குளில் கிளம்பும். அது பழுத்து உடைந்தால் தொடையில் ஒன்று. “உடம்புச் சூடு, தானா போயிடும்” என்றார்கள் தெரிந்தவர்கள். அவருக்கோ தன் மண்கை மேல்தான் சந்தேகம். தோல் உரியத் தேய்த்துக் கழுவியும் கட்டிகள் நிற்கவில்லை. காய்ச்சலும் சேர்ந்துகொள்ளவே, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

குழந்தைகள் டாக்டர் சீழை எடுத்துவிட்டு ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்தார்.

“இவளோட வெள்ளை அணுக்கள் கிருமியப் பிடிச்சு முழுங்கிடுது. ஆனா கொல்லத் தெரியல. பிறவியிலேயே உள்ள குறை.”

“என் கை அழுக்காலயா டாக்டர்? எரு கலக்குற வேலைங்க.”

“இல்லைங்க, உங்களால வரல. தினமும் மருந்து குடுத்தா கிருமியத் தள்ளி வைக்கலாம். நிரந்தரமா குணப்படுத்தவும் வழி இருக்கு, அதப் பின்னால பேசுவோம். ஆனா மக்கின எருவுல இருக்கிற பூஞ்சை இவளுக்கு ஆகாது. எரு வேலை பாத்த சட்டையோட அவளத் தூக்காதீங்க.”

அவர் இடிந்துபோவார் என்று மனைவி பயந்தாள். அவரோ நீளமாய் மூச்சுவிட்டார். நோய்க்கு ஒரு முகம் கிடைத்ததே பாதி பாரம் இறங்கியது போலிருந்தது.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட முதலாளியம்மா, “இனி எருக்குழிப் பக்கம் போகாதீங்க. முன்னால நின்னு வியாபாரத்தப் பாருங்க” என்றார்.

“எனக்குப் பேச வராதேம்மா.”

“செடிகிட்ட பேசுறத ஆளுங்ககிட்ட பேசுங்க.”

கொஞ்ச நாள் திருதிருவென்று விழித்தார். ஒருநாள் ஓர் அம்மாள் அழுகிய ரோஜாச்செடியோடு சண்டைக்கு வந்தார். “இவ்வளவு தண்ணி ஊத்தியிருக்கீங்க, மீனே வளத்திருக்கலாமேம்மா” என்று இவர் வாய்தவறிச் சொல்ல, அம்மாள் சிரித்துவிட்டு வேறு இரண்டு செடிகள் வாங்கிப்போனார். அப்புறம் பேச்சுக்குப் பஞ்சமேயில்லை. அவர் கேலியைக் கேட்கவே சிலர் வந்தார்கள்.

சின்னவள் முதலில் மருந்தைத் துப்பினாள். அக்கா பொம்மைக்கு ஒரு வாய் கொடுத்துக் காட்டிய பிறகு, “எனக்கும்” என்று வாயைத் திறந்தாள். மழைக்காலம் போய் வெயில் வந்தது; புதுக் கட்டி எதுவும் தலைகாட்டவில்லை.

பண்ணையிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வரும் அப்பாவின் கழுத்தை மோந்துபார்த்து அவள் சொன்னாள்:

“அப்பா, நீ சோப்பு மாதிரி இருக்க.”

“நக்கிப் பாத்துடாதடி, கசக்கும்” என்றார் அவர்.