பிரித்துப் பார்க்காத ஃபர்ஸ்ட்

முத்துவேலின் கைகள் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. மடித்த பட்டுச் சேலையை மடியில் வைத்து, "ஃபர்ஸ்ட்" என்று அச்சடித்த சீட்டைப் பின்பக்கம் உரித்து, மேல் மடிப்பில் அழுத்தி, அடுக்கில் வைப்பார். அடுத்த சேலைக்கும் அதே. பிரித்துப் பார்ப்பதில்லை.

அவர் மனைவி பொன்னம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, சேவூரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு நர்ஸாகத் தினமும் காலையில் போய் உடம்பு துடைத்து, கால் பயிற்சி கொடுத்து வருகிறேன். அதனால் இந்த மனிதரைத் தெரியும். எதையும் லேசில் நம்பமாட்டார். ஊற்றிய பாலை ஒரு சொட்டு தரையில் விட்டுப் பார்ப்பார். நான் கொண்டுபோன தெர்மாமீட்டரைத் தன் அக்குளில் வைத்துப் பார்த்த பிறகுதான் மனைவிக்கு வைக்க விட்டார். எனக்கு வருத்தமில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் ஒருவராவது சந்தேகப்படுவது நல்லது.

முட்டி தேய்கிறவரை அவரும் தறியில் உட்கார்ந்தவர்தான். பிறகு வீட்டில் உட்கார்ந்தே சேலையில் குறை பார்க்கும் வேலையைப் பட்டு முதலாளி கொடுத்தார். நெய்து வரும் சேலையை ஜன்னலோரம் மூங்கில் கழியில் போட்டு, வெளிச்சத்துக்கு நேராக இழுத்து, பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வருவார். இழை தவறின இடத்தில் கரையோரம் ஒரு வெள்ளை நூலைக் கோப்பார். நூல் இல்லாத சேலை ஃபர்ஸ்ட், நூல் தொங்கினால் செகண்ட். செகண்டுக்குக் கூலி குறையும். நெசவாளர்கள் அவரைத் திட்டாத நாள் இல்லை.

பிறகு தறிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். "செகண்ட் போட்டா இருக்கறவனும் ஓடிப்பூடுவான். கண்ண மூடிக்க முத்துவேலு" என்றார் முதலாளி. மூடிக்கொண்டார். மூங்கில் கழி பரணுக்குப் போனது.

அவர் ஒரே மகள் மதிவதனி வடக்கே பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதாரம் படிக்கிறாள், நாலு வருஷப் படிப்பு. நாடெங்கும் முதல் மார்க் வாங்கின பிள்ளைகள் போட்டி போட்டு நுழைகிற இடம். முதல் இரண்டு வருஷமும் எல்லாப் பாடத்திலும் ஏ. ஊரே மெச்சியது. இவர் மட்டும் போனில் கேட்டார்: "கூடப் படிக்கறவங்களுக்கு?"

"எல்லாருக்கும் ஏ தாம்பா."

"எல்லாருக்கும் குடுத்தா அது மார்க்கா, பிரசாதமா?"

அதே கேள்வியை வேலை கொடுக்கும் கம்பெனிகளும் கேட்டன போலிருக்கிறது. இந்த வருஷம் பல்கலைக்கழகம் பிடியை இறுக்கியது. ஒரு வகுப்பில் சிலருக்குத்தான் ஏ என்று விதி வந்தது. மதிவதனிக்கு வந்தது நிறைய பி, ஒரு சி.

விடுமுறைக்கு வந்தவளிடம் இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பல்கலைக்கழகத்தின் மேல் இருந்த சந்தேகம் முழுக்க மகள் மேல் திரும்பிவிட்டது. அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "போனது போதும். மீதிய இங்கியே ஒரு காலேஜ்ல படிச்சிக்க." மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் சென்னையில் அவளுக்கு ரயில்.

பெட்டியைப் பூட்டிய அன்று காலை முள்ளிப்பட்டிலிருந்து கன்னியம்மாள் சேலை கொண்டுவந்தாள். அவள் கை நெசவுக்கு அந்தப் பக்கத்தில் தனி மதிப்பு உண்டு. முத்துவேல் வாங்கி, சீட்டை ஒட்டி, அடுக்கில் வைத்தார். அவள் நகரவில்லை.

"பிரிச்சிப் பாருண்ணா."

"உன் சேலைய இன்னாத்துக்குப் பாக்கணும்?"

"முந்திக்கு மேல ஒரு எடத்துல இழை தவறிப்போச்சி. நீ கண்டுபுடிக்கறியான்னு பாக்கத்தான் மொதல்ல சொல்லல."

முத்துவேல் பசை ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்தார்.

"ஏனோதானோன்னு பழனி நெய்யறதுக்கும் ஃபர்ஸ்ட்டு, எனக்கும் ஃபர்ஸ்ட்டு. அப்பறம் நான் எதுக்கு ஒக்காந்து கண்ணக் கெடுத்துகினு கெடக்கறேன்?"

"மொதலாளி சொல்றாரு கன்னியம்மா."

"அவர் சொல்லுவாரு. கை உன்னுதுதான?"

உள்ளே கட்டிலிலிருந்து பொன்னம்மாள், "நல்லா கேளு. நான் கேட்டா வலில பொலம்பறேன்றாரு" என்றாள். கால் பயிற்சிக்கு நடுவே சிரித்ததில் இடுப்பு வலித்தது. சிரிப்பை நிறுத்தச் சொன்னேன்.

அன்று பொன்னம்மாளுக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருந்ததால் சாயங்காலமும் போனேன். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"சாவி குடுப்பா."

"சி வாங்கினவளுக்கு இன்னா ரயிலு? கிளாசுக்குப் போனியா, எவன்கூடயாவது சுத்திகினு இருந்தியா?"

அவள் லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். சி வாங்கின கட்டுரை. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் மஞ்சள் கட்டங்கள். உள்ளே ஆசிரியையின் குறிப்புகள். முத்துவேல் குனிந்து பார்த்தார்.

"இவ்ளோ குறையா?"

"இவ்ளோ."

"ஏ வாங்கினியே, அதக் காட்டு."

காட்டினாள். ஓரமெல்லாம் வெறுமை. பக்கங்களை அவரே விரலால் நகர்த்திக்கொண்டு போனார். கடைசியில் ஒரே ஒரு சொல் இருந்தது.

"இன்னா எழுதிகிறாரு?"

"நன்றுன்னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். மறுபடி கடைசிக்கு வந்தார். பிறகு திரும்பி, சுவரோரம் இருந்த சேலை அடுக்கைப் பார்த்தார். "இந்தாளு இதப் பிரிச்சே பாக்கல" என்றார், மெதுவாக.

"எனக்கும் அந்த டவுட்டு உண்டுப்பா. இந்த சி போட்ட மேடம் ஒரு வரி விடாம படிச்சிருக்காங்க. ரெண்டு எடத்துல அவங்க சொல்றது தப்புன்னு தோணுது. நேர்ல போய் கேக்கணும். மீதியெல்லாம் என் தப்புதான். கடைசி வாரத்துல அவசரமா எழுதுனேன்."

"அடுத்த வருசமும் அந்தம்மா கிளாசு உண்டா?"

"உண்டு. மார்க் பூடும்னு யாரும் சேர மாட்டாங்க."

"நீ சேருவியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். உடனே சேருவேன் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

"பயமாத்தான் இருக்குது. சேருவேன்."

முத்துவேலின் கை இடுப்புக்குப் போனது. சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. "காலைல பாத்துக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். பொன்னம்மாளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு நானும் கிளம்பினேன். அவர் கொடுப்பார் என்று எனக்கு நிச்சயமில்லை.

மறுநாள் காலை நான் போனபோது பீரோ திறந்திருந்தது. சாவி அதிலேயே தொங்கியது. முத்துவேல் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"பஸ் ஏத்திட்டீங்களா?"

"ஏத்திட்டேன் சிஸ்டரம்மா. சென்னைதான் போவுதுன்னு கண்டக்டர் சொன்னான். டிரைவரையும் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்தேன்."

பிறகு பரணிலிருந்து மூங்கில் கழியை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஜன்னலோரம் கட்டினார். அடுக்கிலிருந்து கன்னியம்மாள் சேலையை எடுத்துச் சீட்டைக் கிழித்தார். முந்திக்கு மேலே விரல் ஒரு இடத்தில் நின்றது. வெள்ளை நூலைக் கோத்தார்.

"மொதலாளி கேட்டா இன்னா சொல்லுவ?" என்றாள் பொன்னம்மாள்.

"கண்ணு தொறந்துகிச்சின்றேன்."

அடுத்து பழனியின் சேலை. நான் பொன்னம்மாளை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகு துடைத்து முடிப்பதற்குள் அதன் கரை நெடுக வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது.