ரயில் நிலையத்துக்கு வேய்ந்த கூரை

என் மனைவியின் தாயார் முடைந்த கொட்டானை, பனையோலையில் செய்த சின்னக் கூடையை, அவளைக் கேட்காமல் நான் கத்தரித்தேன். காரைக்குடியில், அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

பினாங்கிலிருந்து வந்த என் அண்ணன், மின்சாரத்தில் ஓடும் சின்ன ரயில் ஒன்றைக் கொடுத்தார். எஞ்சின், நான்கு பெட்டிகள், வட்டமாகச் சேர்க்கும் தண்டவாளம், அவ்வளவுதான். ரயில் போக ஓர் ஊர் வேண்டுமே. வீட்டின் இரண்டாங்கட்டில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் பலகை போட்டேன். பழைய விடைத்தாள்களை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து மலை செய்தேன். பையன்கள் எழுதிய தப்பெல்லாம் மலையாக நிற்கிறது என்று சக ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டைப் பச்சைச் சாயத்தில் முக்கி மரங்கள். குடைக்கம்பியை வளைத்துக் கைகாட்டி. கண்மாய்க்குக் கண்ணாடித் துண்டு. தரைக்குச் செம்மண்ணைச் சலித்துத் தூவினேன். இன்றும் சொல்வேன், அந்த மலையும் கண்மாயும் நன்றாகவே இருந்தன.

ஸ்டேஷன் கூரைதான் சரிப்படவில்லை. அட்டையில் கோடு போட்டால் ஓடு மாதிரித் தெரியவில்லை. அந்தச் சமயம் மனைவி பள்ளத்தூரில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த கொட்டான்கள் சாமான் அறையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. நாற்பதுக்குக் குறையாது. விசேஷ வீட்டில் வெற்றிலை பாக்கு வைக்க எடுப்பார்கள். மற்ற நாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்று குறைந்தால் என்ன என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, சிவப்புச் சாயமிட்ட ஓலையில் மிக நெருக்கமாக முடைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கத்தரித்து, வஜ்ஜிரம் தடவி ஒட்டினேன். வரிசை வரிசையாக ஓடு வேய்ந்தது போலவே இருந்தது.

அவள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, சக ஆசிரியர்கள் ரயில் பார்க்க வந்தார்கள்.

"மானாமதுரைக்கு ஒரு டிக்கெட் குடுங்க சார். எங்குட்டு ஏறணும்?" என்றார் கணக்கு ஆசிரியர்.

"கூரைய எதுல செஞ்சீக?" என்று இன்னொருவர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "கொட்டான் சார். இருக்கறதுலயே நல்ல முடைச்சலாப் பாத்து எடுத்தேன்" என்றேன்.

காப்பித் தட்டுடன் வந்த மனைவி நின்றாள். குனிந்து கூரையைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். அவர்கள் போன பின்புதான் வாய் திறந்தாள்.

"அத்தனை கெடந்துச்சே, எங்க ஆத்தா முடைஞ்சதுதானா கெடைச்சுச்சு ஒங்களுக்கு?"

மற்றவை எல்லாம் சொந்தக்காரர்கள் முடைந்தவை. அவள் தாயார் மகளின் கல்யாணத்துக்கென்று முடைந்தது அந்த ஒன்றுதான். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். நல்ல முடைச்சலாகத் தேடியதால்தான் அது என் கையில் அகப்பட்டது.

கூரையைப் பெயர்க்கப் போனேன். ஓலை பிளந்தது. "விடுங்க. உள்ளதும் கிழிஞ்சு போகும்" என்றாள். ஓலை வாங்கி நானே முடைந்து பார்த்தேன், கோணல்மாணலாக வந்தது. அதை அவள் தொடவில்லை. ஒரு மாதம் ரயில் இருந்த பக்கமே வரவில்லை.

எனக்குத் தெரிந்தது கட்டுவது ஒன்றுதான். ஸ்டேஷனுக்குப் பின்னால் அவளுடைய பள்ளத்தூர் வீட்டை அட்டையிலும் மரத்துண்டிலும் கட்டத் தொடங்கினேன். ஒரு நாள் மாலை முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"கெணறு அங்குட்டு இல்ல, இங்குட்டு. ஆத்தா ஒக்காந்து முடையுற எடத்துல போயி கெணறு வெட்டி வச்சிருக்கீக."

கிணற்றை நகர்த்தினேன். அவள் உட்கார்ந்தாள். ஜன்னல் பெரிது, தூண் ஒன்று குறைகிறது என்று சொல்லிக்கொண்டே தூரிகையைக் கையில் எடுத்தாள். அந்த வீட்டை முடிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. கடைசியில், பாக்கு அளவில் ஒரு கொட்டான் முடைந்து, தாயார் உட்காரும் இடத்தில் வைத்தாள். அதே நெருக்கமான முடைச்சல். அவளுக்கு முடையத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எழுபதுகளில் சிங்கம்புணரியிலிருந்துகூட ஆட்கள் பார்க்க வந்தார்கள். ரயிலை ஓட்டுவதற்கு முன் கூரையைக் காட்டி, நான் செய்ததைச் சொல்லிவிடுவேன். "போதும், வண்டிய விடுங்க" என்பாள். மன்னித்தேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை; நானும் கேட்கவில்லை. ஆனால் வந்தவர்கள் என் மலையை விட்டுவிட்டு அந்தக் குட்டிக் கொட்டானைக் குனிந்து பார்த்து, யார் முடைந்தது என்று கேட்பார்கள். "என் வீட்டுக்காரி" என்று சொன்னபோது வந்த பெருமை, நான் செய்த எதிலும் இன்றுவரை எனக்குக் கிடைத்ததில்லை.